74 புள்ளிகள் எடுத்தும் கோப்பை இல்லை! அமெரிக்க கால்பந்தின் பிளே-ஆஃப் கணக்கு

2024 நவம்பர் 9, சனிக்கிழமை இரவு. ஃபுளோரிடா மாகாணம், ஃபோர்ட் லாடர்டேல் நகரின் சேஸ் ஸ்டேடியம். எங்கு பார்த்தாலும் பிங்க் ஜெர்சி. இன்டர் மயாமி அணி 1-2 எனப் பின்தங்கியிருக்கிறது. 65-வது நிமிடத்தில் உயர்ந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளுகிறார் மெஸ்ஸி. காலால் ஆயிரம் வித்தை காட்டியவர், இந்த முறை தலையைக் கொடுத்து அணியைத் தூக்கி நிறுத்துகிறார். 2-2!

'அப்பாடா' என்று மயாமி ரசிகர்கள் விட்ட மூச்சு பதினோரு நிமிடம்தான் நீடித்தது. 76-வது நிமிடத்தில் அட்லான்டா யுனைடெட்டின் போலந்து வீரர் பார்டோஷ் ஸ்லிஷ், அவரும் தலையாலேயே ஒரு கோல் அடித்தார். 3-2. அதற்குப் பிறகு மயாமியின் முயற்சிகளை எல்லாம் 40 வயது கோல்கீப்பர் பிராட் கூஸன் தடுத்துக்கொண்டே இருந்தார். விசில் ஊதியபோது மெஸ்ஸி, சுவாரஸ், புஸ்கெட்ஸ், ஆல்பா என பார்சிலோனாவின் பொற்காலத்தைப் பார்த்த நான்கு பேரின் சீசன் முதல் சுற்றோடு முடிந்திருந்தது.

இதில் என்ன அதிசயம், பெரிய அணிகள் தோற்பது இல்லையா என்று கேட்கலாம். அந்த ஆண்டு லீக்கில் இரண்டு அணிகளும் எடுத்த புள்ளிகளைப் பார்த்தால் அதிசயம் புரியும். 34 மேட்ச்களில் மயாமி எடுத்தது 74 புள்ளிகள். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர், சுருக்கமாக எம்.எல்.எஸ் வரலாற்றில் எந்த அணியும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. அட்லான்டா எடுத்தது 40. வென்றதைவிட தோற்ற மேட்ச்கள் அதிகம். கடைசி நாளில் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே நுழைந்த அணி அது.

எட்டு மாதம் உழைத்துச் சேர்த்த 34 புள்ளி வித்தியாசம், மூன்று மேட்ச்சில் கரைந்துபோனது. இதுதான் எம்.எல்.எஸ் பிளே-ஆஃப்!

சாதனை படைத்தால் கோப்பை போச்சு

மயாமிக்கு நடந்தது ஒரு விபத்து என்று நினைத்தால், பழைய கணக்குகளைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

2018-ல் நியூயார்க் ரெட் புல்ஸ் 71 புள்ளிகள் எடுத்துப் புதிய சாதனை படைத்தது. அரையிறுதிக்கு இணையான கிழக்குப் பிரிவு ஃபைனலில் அட்லான்டாவிடம் தோல்வி. கோப்பை அட்லான்டாவுக்கு. 2019-ல் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி 72 எடுத்து அந்தச் சாதனையை உடைத்தது. சொந்த மைதானத்தில் சியாட்டில் சவுண்டர்ஸிடம் 1-3 எனத் தோற்றது. கோப்பை சியாட்டிலுக்கு. 2021-ல் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் 73. பிளே-ஆஃபில் தனது முதல் மேட்ச்சிலேயே நியூயார்க் சிட்டி எஃப்.சி-யிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் காலி. கோப்பை நியூயார்க் சிட்டிக்கு. அப்புறம் 2024, மயாமி, 74.

71, 72, 73, 74... படிக்கட்டு போல ஏறும் சாதனைகள். நான்கு அணிகளில் ஒன்றுகூட ஃபைனல் வரை போகவில்லை!

இன்னும் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1996-ல் தொடங்கி 2025 வரை 30 சீசன்கள் முடிந்திருக்கின்றன. அவற்றில் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணியே கோப்பையையும் வென்றது வெறும் 8 முறை. மற்ற 22 ஆண்டுகளில் கோப்பை வேறு யாருக்கோ போயிருக்கிறது.

எப்படி நடக்கிறது இந்தப் போட்டி?

எம்.எல்.எஸ்-ல் இப்போது 30 அணிகள். அமெரிக்காவோடு கனடாவின் டொரன்டோ, மான்ட்ரியல், வான்கூவர் அணிகளும் இதில் அடக்கம். கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகள். ஒவ்வொரு அணிக்கும் 34 லீக் மேட்ச்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஒன்பது இடங்களில் வருபவர்களுக்கு பிளே-ஆஃப் வாய்ப்பு. அதாவது 30 அணிகளில் 18 அணிகள் உள்ளே வந்துவிடும். பரீட்சையில் பாதிப் பேருக்கு மேல் பாஸ்!

எட்டாம் இடமும் ஒன்பதாம் இடமும் 'வைல்டு கார்டு' என்ற ஒரே மேட்ச்சில் மோதும். ஜெயிப்பவருக்குக் கிடைக்கும் பரிசு, அந்தப் பிரிவின் முதலிட அணியோடு மோதுவது. முதல் சுற்று 'பெஸ்ட் ஆஃப் த்ரீ'. மூன்று மேட்ச்சில் இரண்டை யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். இதில் கோல் கணக்கைக் கூட்டிப் பார்ப்பதே கிடையாது. ஒரு மேட்ச்சை 5-0 என ஜெயித்தாலும் 1-0 என ஜெயித்தாலும் ஒரே மதிப்பு. 90 நிமிடம் முடிந்து சமனில் இருந்தால் கூடுதல் நேரமும் கிடையாது. நேராக பெனால்டி.

அதைத் தாண்டிவிட்டால் பிரிவு அரையிறுதி, பிரிவு ஃபைனல், கடைசியாக எம்.எல்.எஸ் கப் ஃபைனல். மூன்றும் ஒரே மேட்ச்தான். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். லீக்கில் மேலே இருந்த அணியின் மைதானத்தில் மேட்ச் நடக்கும். முதலிடத்துக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இதுதான். நம்ம ஐ.பி.எல்-லில் முதல் இரண்டு அணிகளுக்கு ஒரு தோல்விக்குப் பிறகும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே அந்தக் கருணை இல்லை.

இந்த விதிகளும் நிலையாக இருந்ததில்லை. ஆரம்பத்தில் பெஸ்ட் ஆஃப் த்ரீ, பிறகு பல ஆண்டுகள் இரண்டு மேட்ச் கோல்களைக் கூட்டிப் பார்க்கும் முறை, 2019-ல் எல்லா சுற்றும் ஒரே மேட்ச், 2023-ல் மறுபடி முதல் சுற்றுக்கு மட்டும் பெஸ்ட் ஆஃப் த்ரீ. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திட்டம்கூட இத்தனை முறை மாறியிருக்காது. கடைசி மாற்றத்தால், முதல் சுற்றுக்கு வரும் ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் ஒரு மேட்ச்சாவது உறுதி. டிக்கெட் விற்கும், டி.வி-யில் காட்ட மேட்ச்களும் கூடும். 2019-ன் ஒரே மேட்ச் முறைதான் விறுவிறுப்பு என்று சொல்லும் ரசிகர்கள் அதிகம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஐரோப்பாவில் இல்லாதது இங்கே ஏன்?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலோ ஸ்பெயினின் லா லிகாவிலோ சாம்பியனைத் தேர்வு செய்ய பிளே-ஆஃப் கிடையாது. எல்லோரும் எல்லோருடனும் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் விளையாட வேண்டும். அதிகப் புள்ளி எடுத்தவர் சாம்பியன். எளிமை, நேர்மை.

ஆனால் அமெரிக்க ரசிகனின் பழக்கம் வேறு. பேஸ்பால், கூடைப்பந்து, அவர்கள் ஊர் ஃபுட்பால் என எல்லாவற்றிலும் 'ரெகுலர் சீசன்' என்பது தகுதிச் சுற்று மாதிரி. உண்மையான ஆட்டம் அதற்குப் பிறகுதான். ஃபைனல் இல்லாத சாம்பியனை அவர்களால் யோசித்துக்கூடப் பார்க்க முடியாது.

பூகோளமும் ஒரு காரணம். வான்கூவருக்கும் மயாமிக்கும் இடையே சுமார் 4,500 கிலோமீட்டர். 30 அணிகளும் ஒன்றோடொன்று இரண்டு முறை மோத வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் 58 மேட்ச் வரும். நடக்கிற காரியமா? அதனால்தான் கிழக்கு, மேற்கு எனப் பிரித்து, தன் பிரிவு அணிகளோடு அதிகமாக விளையாட வைக்கிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி எதிரிகளைச் சந்திக்காதபோது, புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து 'இவர்தான் சிறந்தவர்' என அடித்துச் சொல்வதும் கஷ்டம்.

மூன்றாவது காரணம், இங்கே கடைசி இடம் பிடித்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிட மாட்டார்கள். இங்கிலாந்தில் 17-வது இடத்துக்கும் 18-வது இடத்துக்கும் நடக்கும் உயிர்ப் போராட்டம் இங்கே இல்லை. அந்த பயம் இல்லாத இடத்தில் நடுவில் இருக்கும் அணிகளை ஆகஸ்ட், செப்டம்பரில் ஓட வைக்க ஏதாவது வேண்டுமே! அந்த ஒன்பதாம் இடம்தான் அது.

இதோடு சம்பள உச்சவரம்பும் சேர்ந்துகொள்கிறது. மெஸ்ஸி போன்ற சிலரை மட்டும் அந்த வரம்புக்கு வெளியே எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் டேவிட் பெக்காம் வந்தபோது உருவான விதி அது. மற்றபடி எல்லா அணிகளும் ஏறக்குறைய ஒரே அளவு பணத்துக்குள் குடித்தனம் நடத்த வேண்டும். அதனால் முதலிடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் உள்ள திறமை இடைவெளி, பட்டியலில் தெரிகிற அளவுக்கு மைதானத்தில் இருப்பதில்லை.

மழையில் பிறந்த ஃபைனல்

1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையைப் பெற, தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்குவதாக அமெரிக்கா வாக்குக் கொடுத்திருந்தது. அப்படி வந்ததுதான் எம்.எல்.எஸ். 1996-ல் 10 அணிகளோடு ஆரம்பம். அமெரிக்கர்களுக்கு டிரா பிடிக்காது என்று ஒரு வினோத ஷூட் அவுட் வைத்திருந்தார்கள். 35 யார்டு தூரத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடி, ஐந்து நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டி அடிக்க வேண்டும். கடிகாரம்கூட 45-லிருந்து பூஜ்யத்துக்குப் பின்னோக்கி ஓடியது. 1999-க்குப் பிறகு இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். பிளே-ஆஃப் மட்டும் நின்றது.

1996 அக்டோபர் 20 அன்று பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோவில் முதல் ஃபைனல். கொட்டும் மழை, தேங்கிய தண்ணீரில் பந்து உருள மறுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி 2-0 என முன்னிலை. வாஷிங்டனின் டி.சி யுனைடெட் இரண்டையும் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரத்தில் எடி போப் தலையால் அடித்த கோல் 3-2 என முடித்து வைத்தது. முதல் கோல் அடிப்பவருக்கே வெற்றி என்ற 'கோல்டன் கோல்' விதி அப்போது இருந்தது. லீக் பிழைக்குமா என்று பலரும் சந்தேகப்பட்ட ஆண்டில், அந்த மழை மேட்ச்தான் எம்.எல்.எஸ்-ஸுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதையைக் கொடுத்தது.

ஆனாலும் லீக்கில் முதலிடம் பிடிப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லையே என்ற ஆதங்கம் ரசிகர்களுக்கு இருந்தது. நிர்வாகம் செய்யும் என்று காத்திருக்காமல், தாங்களே காசு போட்டு ஒரு கேடயம் செய்தார்கள். அதுதான் 'சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு'. 1999-லிருந்து வழங்கப்படுகிறது. ரசிகர்கள் உருவாக்கிய விருது என்பதால் அதற்குத் தனி மரியாதை உண்டு. ஆனால், வீதியில் ஊர்வலம் போவது என்னவோ கோப்பை வென்றவர்கள்தான்.

ஒரு ஷாட்கூட அடிக்காமல் ஜெயிக்க முடியுமா?

முடியும். எம்.எல்.எஸ்-ல் நடந்திருக்கிறது.

2016 ஃபைனல் டொரன்டோவில் நடந்தது. சியாட்டில் அணி அந்த ஆண்டு ஜூலையில் மேற்குப் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்தது. பயிற்சியாளரை மாற்றினார்கள். உதவியாளராக இருந்த பிரையன் ஷ்மெட்சர் பொறுப்பேற்றார். தட்டுத்தடுமாறி ஃபைனல் வரை வந்துவிட்டார்கள். கடும் குளிரில் 120 நிமிடம் விளையாடி, சியாட்டில் கோலை நோக்கி அடித்த ஷாட்கள் எத்தனை தெரியுமா? பூஜ்யம். ஒரே ஒரு பந்துகூட எதிரணி கோல்கீப்பரின் கைக்கு வேலை வைக்கவில்லை. மறுபக்கம், கூடுதல் நேரத்தில் டொரன்டோவின் ஆல்டிடோர் தலையால் அடித்த பந்து வலைக்குள் போயே விட்டது என்று மைதானமே எழுந்தபோது, சியாட்டில் கோல்கீப்பர் ஸ்டெஃபான் ஃப்ரை பின்னோக்கிப் பாய்ந்து ஒரே கையால் வெளியே தட்டினார். அவர் முன்பு டொரன்டோவிலேயே விளையாடியவர். பெனால்டியில் 5-4 என சியாட்டில் சாம்பியன்!

2021-ல் ரியல் சால்ட் லேக் அணி இதையும் மிஞ்சியது. முதல் சுற்றில் அதே சியாட்டிலுக்கு எதிராக கோலை நோக்கி மட்டுமல்ல, எந்தத் திசையிலும் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. சியாட்டில் 21 ஷாட் அடித்தும் 0-0. பெனால்டியில் 6-5 என ஜெயித்தது சால்ட் லேக். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று டொரன்டோ ரசிகர்கள் சிரித்திருக்கலாம்.

சால்ட் லேக்குக்கு இது புதிதும் அல்ல. 2009-ல் 11 வெற்றி, 12 தோல்வி, 7 டிரா என்ற கணக்கோடு கடைசி இடத்தில் உள்ளே வந்து, ஃபைனலில் பெக்காம் விளையாடிய கேலக்ஸியை பெனால்டியில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிய அணி அது. ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஓர் அணி நாட்டின் சாம்பியன்! இதை அழகு என்பதா, அநியாயம் என்பதா? எம்.எல்.எஸ் ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊரே பறிபோக இருந்த அக்டோபர்

2017 அக்டோபரில் ஒஹையோ மாகாணத்தின் கொலம்பஸ் க்ரூ அணி பிளே-ஆஃபுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எம்.எல்.எஸ் தொடங்கிய நாள் முதல் இருக்கும் அணி. அமெரிக்காவில் கால்பந்துக்கென்றே லீக் அணிக்காகக் கட்டப்பட்ட முதல் பெரிய ஸ்டேடியம் 1999-ல் அங்கேதான் திறக்கப்பட்டது. மேட்ச்சுக்குச் சில நாள்கள் முன்பு ஒரு செய்தி. அணியை டெக்ஸஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகும் யோசனையில் இருக்கிறார் உரிமையாளர்.

அமெரிக்க விளையாட்டில் அணி என்பது உரிமையாளரின் சொத்து. அவர் ஊரை மாற்ற நினைத்தால் ரசிகன் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கொலம்பஸ் மக்கள் சும்மா இருக்கவில்லை. 'க்ரூவைக் காப்பாற்றுங்கள்' என்ற முழக்கம் ஊர் முழுக்கப் பரவியது. அந்தச் சூழலில் விளையாடிய வீரர்கள் அட்லான்டாவை பெனால்டியில் வென்றார்கள். அடுத்து நியூயார்க் சிட்டியை வென்றார்கள். கிழக்குப் பிரிவு ஃபைனல் வரை போய், டொரன்டோவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். ஒவ்வொரு மேட்ச்சும் இந்த ஊரில் கடைசி மேட்ச்சாக இருக்கலாம் என்ற பயத்தோடுதான் கேலரிக்கு வந்தார்கள் ரசிகர்கள்.

ஓராண்டுக்கு மேல் போராட்டம். வழக்கு, பேச்சுவார்த்தை. 2018 கடைசியில் உள்ளூர்க்காரர்கள் அடங்கிய குழு அணியை வாங்க முன்வந்தது. அணி ஊரிலேயே தங்கியது. ஆஸ்டினுக்கு வேறொரு புது அணி கிடைத்தது.

2020 டிசம்பர் 12. கோவிட் காலம். அதே பழைய ஸ்டேடியத்தில் எம்.எல்.எஸ் ஃபைனல். உள்ளே அனுமதி சுமார் 1,500 பேருக்கு மட்டும். கோவிட்டால் இரண்டு முக்கிய வீரர்கள் ஆட முடியவில்லை. எதிரே நடப்பு சாம்பியன் சியாட்டில். அர்ஜென்டினாவில் பிறந்த லூகாஸ் செலராயன் இரண்டு கோல் அடிக்க, 3-0 எனக் கோப்பை கொலம்பஸுக்கு. அடுத்த ஆண்டு அணி புது ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்தது, அதே ஊருக்குள்! 2023-ல் அங்கேயும் ஃபைனலை நடத்தி, லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி-யை 2-1 என வென்று இன்னொரு கோப்பை எடுத்தது.

கிழிந்த தசைநாரோடு ஒரு பாஸ்

2024-ல் மயாமி போன பிறகு கோப்பை யாருக்கு? லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு. முந்தைய ஆண்டு 29 அணிகளில் 26-வது இடத்தில் இருந்த அணி. மேற்குப் பிரிவு ஃபைனலில் அதன் மூளையாக இருந்த ஸ்பெயின்காரர் ரிக்கி புய்க்குக்கு முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. சாதாரணமாக ஸ்ட்ரெச்சரில் போக வேண்டிய காயம். அவர் வெளியே போகவில்லை. அதே காலோடு ஆடி, 85-வது நிமிடத்தில் ஜோவெலிச் அடித்த ஒரே கோலுக்குப் பாஸும் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து நடந்த ஃபைனலில் அவர் பார்வையாளர். அவர் இடத்தில் ஆடிய கஸ்தோன் புருக்மன் ஆட்ட நாயகன். நியூயார்க் ரெட் புல்ஸை 2-1 என வென்று கேலக்ஸி ஆறாவது கோப்பையை எடுத்தது. எந்த அணியிடமும் இவ்வளவு இல்லை.

அந்த ரெட் புல்ஸ் கிழக்கில் ஏழாவது இடம் பிடித்த அணி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2025-ல் மெஸ்ஸியின் கணக்கு நேரானது. மஸ்செரானோ பயிற்சியில் மயாமி இந்த முறை முதலிடம் பிடிக்கவில்லை, கிழக்கில் மூன்றாம் இடம். நாஷ்வில் அணியோடு முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு வெற்றி. மறுபடி அதே சேஸ் ஸ்டேடியம், மறுபடி மூன்றாவது மேட்ச். போன வருட நினைவு எல்லோருக்கும் வந்திருக்கும். 4-0 என மயாமி ஜெயித்தது. அடுத்து சின்சினாட்டியை 4-0, நியூயார்க் சிட்டியை 5-1.

டிசம்பர் 6 ஃபைனல், இந்தியாவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. எதிரே ஜெர்மனியின் தாமஸ் முல்லர் ஆடும் வான்கூவர் வைட்கேப்ஸ். அவர்கள் வந்த வழியும் லேசானதல்ல. தென் கொரியாவின் சன் ஹியூங்-மின் இரண்டு கோல் அடித்து மிரட்டிய மேட்ச்சை, பெனால்டியில் அதே சன் போஸ்ட்டில் அடித்ததால் தாண்டி வந்தவர்கள். ஃபைனலில் 1-1 என்றிருந்தபோது வான்கூவரின் சாபி அடித்த பந்து ஒரு போஸ்ட்டில் பட்டு, மறு போஸ்ட்டிலும் பட்டு வெளியே வந்தது! பிறகு மெஸ்ஸி கொடுத்த பாஸில் டி பால், கடைசி நிமிடங்களில் மறுபடி மெஸ்ஸி பாஸில் அயெண்டே. 3-1. புஸ்கெட்ஸும் ஆல்பாவும் கோப்பையோடு ஓய்வுபெற்றார்கள். ஆட்ட நாயகன் மெஸ்ஸி.

குளிரும் காலண்டரும்

பிளே-ஆஃப் மேல் இருக்கும் இன்னொரு புகார் அது நடக்கும் காலம். பிப்ரவரியில் சீசன் ஆரம்பித்து டிசம்பரில் முடிகிறது. 2013-ல் கான்சாஸ் சிட்டி ஃபைனல் தொடங்கும்போது வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியஸ். தரை கல்லாக இறுகியிருந்தது. அதுவும் பெனால்டி வரை, 7-6 வரை இழுத்தது. கூடவே நவம்பரில் சர்வதேச மேட்ச்களுக்காக வீரர்கள் தங்கள் நாட்டு அணிக்குப் போய்விடுவதால், பிளே-ஆஃப் சூடு பிடிக்கும் நேரத்தில் இரண்டு வாரம் எல்லாம் நின்றுவிடும். டி.வி சீரியலில் கிளைமாக்ஸுக்கு நடுவே விளம்பரம் போட்ட மாதிரி.

2027-லிருந்து இதை மாற்றப்போவதாக எம்.எல்.எஸ் அறிவித்திருக்கிறது. ஐரோப்பா போல கோடையில் தொடங்கி அடுத்த மே மாதம் முடியும் சீசன். பிளே-ஆஃப் வசந்த காலத்துக்குப் போகிறது. பிளே-ஆஃபையே எடுத்துவிடும் பேச்சு மட்டும் இல்லை.

பிலடெல்பியாவின் கதை

இந்த முறையால் அதிகம் அடி வாங்கியவர் யார் என்று ஓர் அணியைச் சொல்ல வேண்டுமென்றால் பிலடெல்பியா யூனியனைத்தான் சொல்ல வேண்டும். பெரிய நட்சத்திரங்களுக்குப் பணம் கொட்டாமல், சொந்த அகாடமிப் பையன்களை வைத்து முன்னேறிய அணி.

2020-ல் லீக்கில் முதலிடம், ஷீல்டு கையில். பிளே-ஆஃபில் முதல் மேட்ச்சிலேயே நியூ இங்கிலாந்திடம் 0-2. 2021-ல் கிழக்குப் பிரிவு ஃபைனல் சொந்த ஊரில். கோவிட் விதிமுறைகளால் 11 வீரர்கள் ஆட முடியாமல் போனது. இருந்தவர்களை வைத்து ஆடி, நியூயார்க் சிட்டியிடம் கடைசி நிமிடங்களில் வாங்கிய கோலால் 1-2.

2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி, பிலடெல்பியா இரண்டுமே 67 புள்ளிகள். அதிக வெற்றிகள் இருந்ததால் ஷீல்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. ஃபைனலில் மோதியதும் அதே இருவர். 2-2 எனக் கூடுதல் நேரம். லாஸ் ஏஞ்சலஸ் கோல்கீப்பர் மக்ஸிம் க்ரெப்போ, கோலுக்கு ஓடிய பிலடெல்பியா வீரரைத் தடுக்கப் பாய்ந்து காலை உடைத்துக்கொண்டார். ரெட் கார்டும் காட்டப்பட்டது. அந்த ஒரு பாய்ச்சலால் கனடாவுக்காக அவர் ஆட வேண்டிய உலகக் கோப்பையும் போனது. 124-வது நிமிடத்தில் ஜாக் எலியட் அடிக்க, பிலடெல்பியா 3-2. எதிரணியில் பத்துப் பேர்தான். இனி என்ன ஆகிவிடும்?

128-வது நிமிடத்தில் கேரத் பேல் எழும்பித் தலையால் அடித்தார். 3-3.

பெனால்டியில் லாஸ் ஏஞ்சலஸ் வலையில் நின்றது மாற்று கோல்கீப்பர் ஜான் மெக்கார்த்தி. பிறந்து வளர்ந்தது பிலடெல்பியாவில். சில ஆண்டுகள் முன்பு வரை யூனியன் அணியிலேயே இருந்தவர். அவர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். இன்னொன்று வானத்துக்குப் போனது. பிலடெல்பியா ஒன்றைக்கூட உள்ளே போடவில்லை. 0-3. ஆட்ட நாயகன், அவர்கள் ஊர்ப் பையன் மெக்கார்த்தி. அதே நாள் இரவு அந்த ஊரின் பேஸ்பால் அணி பிலீஸும் வேர்ல்டு சீரிஸில் தோற்றது. ஒரே நாளில் இரண்டு கோப்பைகள் கைநழுவின.

2025-ல் பிலடெல்பியா மறுபடி முதலிடம் பிடித்தது. 66 புள்ளிகள், மயாமியைவிட ஒன்று அதிகம். இரண்டாவது ஷீல்டு. முதல் சுற்றில் சிகாகோவை இரண்டே மேட்ச்சில் முடித்தார்கள். நவம்பர் 23, டெலவேர் நதிக்கரையில் செஸ்டர் நகரில் இருக்கும் அவர்களது ஸ்டேடியத்தில் அரையிறுதி. வந்தது அதே நியூயார்க் சிட்டி. முதல் பாதியில் 38 வயது மாக்ஸி மோராலெஸ் ஒரு கோல் அடித்தார். பிலடெல்பியா மீதி நேரம் முழுக்க முட்டிப் பார்த்தது. 0-1.

அந்த ஒரு மேட்ச்சை ஜெயித்திருந்தால், அடுத்த சனிக்கிழமை மெஸ்ஸி செஸ்டருக்கு வந்து விளையாடியிருக்க வேண்டும். கிழக்குப் பிரிவு ஃபைனல் ஃபோர்ட் லாடர்டேலில் நடந்தது.